கண்டிக் கடையும் கானாடுகாத்தான் மாளிகையும்: வணிகர் மனை பற்றிய ஒரு நோக்கு

கட்டிடக்கலை பற்றித் தமிழில் எழுதப்பட்டுள்ளவற்றுட் பெரும்பகுதி கோயில்களையே பொருளாகக் கொண்டது. கோட்டைகளும் அரண்மனைகளும் அடுத்த இடத்தைப் பெறுகின்றன. மக்கள் குடியிருந்த வீடு ஆராய்ச்சிப் பொருளாவது அரிதாகவே இருந்துவந்துள்ளது. கடந்த சில பத்தாண்டுகளில் இக்குறை ஒருவாறு நீங்கியுள்ளது எனலாம். குறிப்பாக, நாட்டுக்கோட்டை நகரத்தார் செட்டிநாட்டுப் பகுதியில் எழுப்பிய வீடுகள் பற்றி அழகிய படநூல்களும் கட்டுரைகளும் வெளிவந்துள்ளன. ஆயின் இவற்றுட் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி என ஒரு பட்டியல் தரப்படும்; முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய சுவரின் வழுவழுப்பு வியக்கப்படும்; கதவு நிலைகளிலுள்ள கஜலக்குமியின் அழகு பாராட்டப்படும். பொருள்கள் எந்தெந்த நாட்டிலிருந்து வந்தன என்பது துல்லியமாகக் கூறப்படும். அவற்றை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதோ 'கடல்கடந்த வாணிகம்' என்ற இரு சொற்களுள் அடங்கிவிடும்.

கண்டியிலிருந்து நோக்குவோர்க்கு இவ்விரு சொற்கள் போதா. அந்த வாணிகம் நடைபெற்ற இடங்களுள் கண்டியும் ஒன்று. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் மலைநாட்டை மாற்றியமைத்த காலத்தில், கொழும்புச் செட்டியார் தெருவை மையமாகக் கொண்டு மலைநாட்டு நகரங்கள்வரை பரவிய நகரத்தார் கடைகளே உள்ளூர் மக்களுக்குரிய வங்கிகளாக விளங்கின. அக்கடைகளில் அலங்காரம் என்று சொல்லத்தக்க எதுவும் இருந்ததில்லை. வணிகன் பொருளீட்டிய இடத்தில் அவனது கட்டிடம் ஏன் இத்துணை எளிமையாகவும், அவன் பிறந்த ஊரில் ஏன் அத்துணை ஆடம்பரமாகவும் அமைந்தது என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. இவ்விரண்டும் வெவ்வேறு கட்டிடங்கள் அல்ல, ஒரே மனையின் இரு பகுதிகள் என்பதும், ஒன்றைப் புறக்கணித்து மற்றதை விளக்கவியலாது என்பதும் இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

1. கண்டியில் ஓடும் சுண்ணாம்பும்

கண்டி இராச்சியத்தில் வீடு என்பது முதலாவதாக அந்தஸ்தின் குறியீடு. 1660இல் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் தன் அனுபவங்களை நூலாக வெளியிட்ட றொபேட் நொக்ஸ் இதுபற்றித் தெளிவாகக் குறிப்பிட்டுள்ளார். சாதாரண மக்கள் ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டலாகாது. கூரைக்கு ஓடு வேயலாகாது. சுவருக்குச் சுண்ணாம்பு தீட்டலாகாது. இவை அரசனுக்கும் அவன் அருள் பெற்றோர்க்கும் உரியவை. எனவே கண்டியில் ஒருவன் பொருள் ஈட்டியிருந்தாலும் அப்பொருள் சுவரிலும் கூரையிலும் தோன்றுவதற்கு உரிமை வேண்டியிருந்தது. நிலமானிய அமைப்பில் அழகுபடுத்தும் உரிமையும் ஒரு மானியமே.

பிரதானிகளின் மாளிகை சிங்களத்தில் 'வளவ்வ' எனப்படும். தமிழில் வழங்கும் 'வளவு' என்னும் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவோருளர். அச்சொல் தமிழில் இடத்துக்கிடம் பொருள் வேறுபடுதல் நோக்கற்பாலது. யாழ்ப்பாணத்தில் வளவு என்பது வீடு அமைந்த வேலிக்குட்பட்ட நிலம். செட்டிநாட்டில் அது வீட்டின் நடு முற்றத்தையும் அதனைச் சூழ்ந்த தாழ்வாரத்தையும் அறைகளையும் குறிக்கும். கண்டியிலோ அது பிரபுவின் மாளிகை முழுவதற்கும் பெயராயிற்று. ஒரே சொல் நிலத்தையும் முற்றத்தையும் அதிகாரத்தையும் சுட்டி நிற்கின்றது. கண்டி நகரிலுள்ள எகலப்பொல வளவு போன்றவற்றிலும் செட்டிநாட்டு வீட்டிலும் நடு முற்றமே அமைப்பின் மையம் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1815இல் கண்டி பிரித்தானியர் கைப்பட்டபின் இந்த உரிமைக் கட்டுப்பாடுகள் பொருளிழந்தன. பணம் படைத்தவன் எவனும் ஓடு வேயலாம், மாடி எழுப்பலாம் என்ற நிலை தோன்றியது. அவ்வாறாயின் மலைநாட்டில் பெரும்பொருள் ஈட்டிய வணிகர் கண்டி நகரை மாளிகைகளால் நிரப்பியிருத்தல் வேண்டும். நடந்தது அதுவன்று. கண்டித் தெருக்களின் பழைய கட்டிடங்களுட் பல கீழே கடையும் மேலே அறைகளுமாக அமைந்த எளிய வணிக மனைகளே.

2. மலையிற் பிறந்த பணம்

மலைநாட்டுச் செல்வம் மலைநாட்டில் வீடாகாமைக்கு நகரத்தார் மட்டுமே எடுத்துக்காட்டல்லர். இலங்கையரான முதற் பெருங்கோப்பித் தோட்ட உடைமையாளருள் ஒருவரான யெரோனிஸ் த சொய்சா, கண்டி மன்னர்க்கு உரியதாயிருந்த ஹங்குராங்கெத்தைத் தோட்டத்தை 1837இல் வாங்கியே தம் செல்வத்துக்கு அடிகோலினார். அவர் மகன் சார்ள்ஸ் ஹென்றி த சொய்சாவின் புகழ்பெற்ற மாளிகை எழுந்தது கொழும்பு கொள்ளுப்பிட்டியில். 1870இல் எடின்பரோக் கோமகன் அல்பிரட் இளவரசருக்கு அங்கு விருந்தளிக்கப்பட்டதை ஒட்டியே அது 'அல்பிரட் இல்லம்' எனப் பெயர்பெற்றது. பிரித்தானியத் தோட்ட முதலாளிகளின் இலாபம் இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் சென்றது. இன வேறுபாடின்றி, மலையிற் பிறந்த பணம் மலையைவிட்டு இறங்கி வேறிடத்தில் வீடாயிற்று என்பதே பொது நியதி. பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் இயல்பு அது. உற்பத்தி நிகழும் இடம் வேறு, செல்வம் தங்கும் இடம் வேறு.

இவ்வமைப்பில் நகரத்தாரின் இடம் யாது? ஐரோப்பியத் தோட்டங்களுக்கு முகவர் நிறுவனங்களும் அந்நியச் செலாவணி வங்கிகளும் முதல் வழங்கின. இலங்கையரான சிறு தோட்டக்காரருக்கோ கடைக்காரருக்கோ கண்டிப் பிரபுவுக்கோ அவ்வங்கிகளின் கதவு திறப்பதில்லை. வங்கிகள் 'சிறாப்பர்' எனப்பட்ட உத்தரவாதக் காசாளரின் பொறுப்பில் செட்டியார் நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்தன. செட்டியார்கள் தம் சொந்த முதலுடன் அதனைச் சேர்த்து, கூடிய வட்டிக்கு உள்ளூரார்க்கு வழங்கினர். தோட்டத் தொழிலாளர் உண்ட அரிசி பெருமளவு பர்மாவிலிருந்து வந்தது. அந்த அரிசி வாணிகத்திலும் அவர்களது முதல் ஓடியது. டபிள்யூ. எஸ். வீரசூரியா 1973இல் வெளியிட்ட நூல் இலங்கையில் நகரத்தார் நடத்திய இத்தொழிலின் சட்டப் பின்னணியையும் வரலாற்றையும் விரிவாக எடுத்துரைக்கின்றது.

கடையின் அமைப்பு தொழிலின் அமைப்பைப் பிரதிபலித்தது. கொழும்பிலும் இரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கற் தெருவிலும் 'கிட்டங்கி' எனப்பட்ட நீண்ட கூடங்கள் இருந்தன. ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் தரையில் ஒரு பாய், தாழ்ந்த ஒரு சாய்மேசை, பூட்டிய ஒரு பெட்டி. பகலில் அதுவே வங்கி. இரவில் அதுவே படுக்கையிடம். பொதுச் சமையற்காரன் சமைத்ததை அனைவரும் உண்டனர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற படிநிலையில் ஊழியர் அமர்த்தப்பட்டனர். பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணையில் மேலாள் கடல்கடந்து சென்று, கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவான். மனைவி மக்கள் உடன்செல்வது நெடுங்காலம் வழக்கமில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' என்னும் நாவல் மெடான் நகரத்து இத்தகைய கடை வாழ்க்கையைப் பின்னணியாகக் கொண்டது. அதனைப் படித்தவர்கள் இந்த மனையற்ற வாழ்வின் தன்மையை உணர்வர். கண்டியிலும் மாத்தளையிலும் இருந்த கடைகள் இவற்றினும் சிறியன. ஆயின் அவற்றின் தத்துவம் ஒன்றே: முதல் அசையவேண்டும், எனவே அது சுவரில் முடங்கலாகாது.

3. கானாடுகாத்தான்

இனி மறுபகுதியை நோக்குவோம். காரைக்குடிக்கு வடக்கே அமைந்த கானாடுகாத்தானில் உள்ள செட்டிநாட்டு அரண்மனை 1912ஆம் ஆண்டளவில் சர் அண்ணாமலைச் செட்டியாரால் நிறைவு செய்யப்பட்டது. 1881இல் பிறந்து 1948இல் மறைந்த அவர், 1929இல் பரம்பரை 'ராஜா' பட்டம் பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிறுவுநர். அவர் அமைத்த செட்டிநாடு வங்கி கொழும்பிலும் தொழில் நடத்தியது. கொழும்பு வருமானவரி ஆணையாளருக்கும் அவ்வங்கிக்கும் எழுந்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்று 1948இல் தீர்ப்பாயிற்று. எனவே இம்மாளிகையை இலங்கையோடு தொடர்பற்ற ஒன்றாகக் கருதுதல் இயலாது.

பட்டம் பெற்றவரின் மாளிகை என்பதால் அளவிற் பெரிதாயினும், அதன் அமைப்பு நகரத்தார் வீடுகளின் பொது அமைப்பே. தெருவிலிருந்து உயர்ந்த மேடையில் முகப்பு. அதன் இருபுறமும் நீண்ட திண்ணைகள். வழவழப்பான தேக்குத் தூண்கள். அதனைக் கடந்தால் வணிகமும் விருந்தும் நடைபெறும் பட்டாலை. பின்னர் வானம் பார்த்த முற்றத்துடன் கூடிய வளவு. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். தாழ்வாரத்தின் ஓரங்களில் வரிசையாக அறைகள். அதற்கப்பால் பந்தி நடைபெறும் இரண்டாம் கட்டு, சமையலுக்குரிய மூன்றாம் கட்டு, கிணறும் தோட்டமும். தலைவாசலில் நிற்பவன் கதவுகள் எல்லாம் திறந்திருப்பின் பின்வாசல்வரை ஒரே நேர்கோட்டில் காணலாம். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகின்றன.

பொருள்களின் பட்டியல் நாமறிந்ததே. தூணுக்கும் உத்தரத்துக்கும் பர்மாத் தேக்கு. இலங்கை முதிரை மரம். தரைக்கு இத்தாலியப் பளிங்கு. சுவருக்கு யப்பானிய, ஐரோப்பிய ஓடுகள். பட்டாலைக்குப் பெல்ஜியக் கண்ணாடி. உள்ளூரில் ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமீது வண்ணச் சாந்து வார்த்துச் செய்யப்படும் தரையோடுகளும் சேர்ந்தன. இப்பட்டியலை வணிகத்தின் வரைபடமாக வாசித்தல் தகும். நகரத்தாரின் முதல் எங்கெங்கு சென்றதோ அங்கங்கிருந்தும், அம்முதலை ஆட்டிப்படைத்த பேரரசின் சந்தையிலிருந்தும் பொருள்கள் வந்துள்ளன. முகப்பின்மேல் சுதையில் அமைந்த உருவங்களும் இதனையே கூறுகின்றன. யானைகள் நீர் சொரியும் திருமகளுக்கு அருகே துப்பாக்கி தாங்கிய வெள்ளைச் சிப்பாய் நிற்கும் வீடுகள் உள. செல்வத்தின் தெய்வமும் செல்வத்தைக் காத்த படையும் ஒரே சுவரில் இடம்பெற்றமை தற்செயலானதன்று.

ஆயின் இவ்வீட்டின் உயர்வு இறக்குமதிப் பொருளில் மட்டும் தங்கவில்லை. செட்டிநாடு மழை குறைந்த வறண்ட நிலம். உயர்ந்த கூரையும், பல அடுக்காக வேய்ந்த நாட்டோடும், தடித்த செங்கற் சுவரும் வெப்பத்தைத் தடுக்கின்றன. கூரையின் நாற்புறச் சரிவும் மழைநீரை முற்றத்தில் இறக்குகின்றன. அங்கிருந்து அது சேகரிக்கப்படும். மிகுதி ஊரின் வடிகால் வழியே ஊரணியைச் சேரும். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெண்கரு முதலியன சேர்ந்த பல படைப் பூச்சு தொட்டாற் குளிரும். நூறாண்டு கடந்தும் வெள்ளையடிக்க வேண்டாத சுவர்கள் இன்றும் உள. இந்த அறிவு பர்மாவிலிருந்து வந்ததன்று. அது கொத்தரும் தச்சரும் தலைமுறையாகப் பேணிய அறிவு.

4. அலங்காரத்தின் பொருள்

முற்போக்கு நோக்குடையோர் இத்தகைய மாளிகைகளை உபரிச் செல்வத்தின் வீண்செலவு என ஒதுக்கிவிடுவதுண்டு. இது வியந்து போற்றுவதைப்போலவே மேலோட்டமானது. கணக்கில் ஒரு காசும் தவறவிடாத சமூகம், வட்டியை மாதந்தோறும் கூட்டிப் பார்த்த சமூகம், இத்துணைப் பணத்தைக் கல்லிலும் மரத்திலும் ஏன் முடக்கியது என்ற வினாவுக்கு 'வீண்செலவு' விடையாகாது.

விடையை வீட்டின் உள்ளேயே காணலாம். நகரத்தார் சமூகத்தின் அடிப்படை அலகு 'புள்ளி' எனப்படும் மணமான ஆண். ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றைச் சேர்ந்தவனாகவே ஒருவன் இச்சமூகத்தில் கணக்கிடப்படுவான். மணவுறவும் அக்கோயிற் பிரிவுகளை ஒட்டியே அமையும். திருமணமாகிச் சில காலத்தில் மகன் 'வேறு வைக்கப்'படுவான். அதாவது தந்தையின் கூரையின்கீழ் இருந்துகொண்டே தனிச் சமையலும் தனிக் கணக்கும் தொடங்குவான். வளவைச் சுற்றியுள்ள அறைகள் இவ்வாறு பிரிந்த புள்ளிகளுக்கு உரியவை. மனைவி கொண்டுவந்த சீர் வரிசை அவ்வறைகளிற் பூட்டிவைக்கப்படும். ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒற்றை மாளிகையாகத் தோன்றுவது, உள்ளே பல அடுப்புகளும் பல கணக்குகளும் கொண்ட ஒரு கூட்டு. இரங்கூனில் ஒரே கூடத்தில் பல பெட்டிகள் இருந்ததும், கானாடுகாத்தானில் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல அடுப்புகள் எரிந்ததும் ஒரே சமூக விதியின் இரு வடிவங்கள் எனின் மிகையன்று. கிட்டங்கியும் வளவும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இங்கு சிலப்பதிகாரத்து மனையறம்படுத்த காதை நினைவுக்கு வருதல் இயல்பு. கோவலனையும் கண்ணகியையும் தனி மனையில் அமர்த்தி இல்லறம் நடத்தச் செய்யும் செய்தி அங்கு வருகின்றது. நகரத்தார் தம் முன்னோரைக் காவிரிப்பூம்பட்டினத்து வணிகராகக் கூறிக்கொள்வர். இம்மரபுக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும் வணிகக் குடும்பத்தில் மணமான இணையைத் தனி அலகாக நிறுவும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையுடையது என்ற அளவில் அக்காதை நமக்குத் துணைசெய்கின்றது.

இவ்வாறு நோக்கும்போது அலங்காரத்தின் தொழிற்பாடு புலனாகின்றது. நகரத்தாரின் முதல் நம்பிக்கையின்பாற்பட்டது. கண்டியில் இருக்கும் மேலாள் கையொப்பமிட்ட உண்டியல் இன்னொரு நகரில் மதிக்கப்படவேண்டுமாயின், அவனுடைய முதலாளியின் குடும்பம் எத்தகையது என்பது சமூகத்துக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். நகரத்தாரின் கோயிற் கொடைகள் வாணிக நாணயத்தோடு பின்னிப்பிணைந்தவை என்பதை டேவிட் றட்னர் தமது 1994ஆம் ஆண்டு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். கோயிலுக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும் என்பது எம் கருத்து. ஆயிரம் பேர் பந்தி அமரக்கூடிய திருமணத்தை நடத்தும் பட்டாலை, அக்குடும்பம் நொடிந்துவிடவில்லை என்பதற்கு ஊர் முழுதும் சாட்சியாகும் இடம். அந்த வகையில் செட்டிநாட்டு மாளிகை வணிகத்திலிருந்து பிரிக்கப்பட்ட ஆடம்பரமன்று. வணிகத்தின் பிணைப் பத்திரம். எளிய கடையும் ஆடம்பர வீடும் முரண்போலத் தோன்றி ஒன்றாவது இவ்விடத்திலேயே.

இதில் பெண்களின் நிலை தனித்து நோக்கவேண்டியது. ஆண்கள் மூன்றாண்டுத் தவணையிற் கடல்கடந்து செல்ல, அம்மாளிகைகளை நடத்தியவர் ஆச்சிமார். முகப்பும் பட்டாலையும் ஆண்களுக்கும் விருந்தினர்க்கும் உரியன. வளவும் பின்கட்டுகளும் பெண்களுக்குரியன. வீட்டின் மிக அலங்காரமான பகுதி, அதனைக் கட்டியவன் பல ஆண்டு இல்லாதிருந்த பகுதி. வீட்டின் மிக எளிய பகுதி, அதிலே ஒருநாளும் இல்லாதிராத பெண்கள் உழைத்த பகுதி. படநூல்கள் முன்பகுதியிலேயே நின்றுவிடுதல் இதனால் இருமடங்கு குறையுடையது.

5. மூன்றாவது வீடு

கடையையும் மாளிகையையும் இணைத்துப் பார்த்தாற் போதுமா? இவ்விரண்டுக்கும் அடியில் மூன்றாவதொரு வீடு உண்டு. அது தோட்டத்து லயம். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான ஓர் அறையும் முன்னே சிறு ஒடுக்கமுமாக, முதுகோடு முதுகு ஒட்டி வரிசையாய் அமைந்த அக்குடியிருப்பில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. லயத்தில் அலங்காரம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. நிலமும் சுவரும் தோட்டத்துக்குரியன. வேலை போயின் வீடும் போகும்.

லயத்தில் வாழ்ந்தவரும் மாளிகையை எழுப்பியவரும் வந்த நிலம் ஏறத்தாழ ஒன்றே. இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சி முதலிய வறண்ட பகுதிகளே மலைநாட்டுக்கு ஆள் அனுப்பின. தொண்டி முதலிய துறைகளிற் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்துவந்த பல்லாயிரவருள் நோயாலும் பசியாலும் வழியிலே மடிந்தோர் பலர். அதே கடலைக் கடந்து, ஏறத்தாழ அதே ஊர்களிலிருந்து வணிகனும் வந்தான். ஒருவனுக்கு வறட்சி முதலாகி மாளிகையாயிற்று. மற்றவனுக்கு வறட்சி கடனாகி லயமாயிற்று. கங்காணி கொடுத்த முன்பணமும், அக்கடனைச் சுமந்தே தொழிலாளியைத் தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறையும் இக்கட்டினை நிலைநிறுத்தின. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது. கங்காணிமாரும் தோட்டத்தைச் சூழ்ந்த கடைக்காரரும் செட்டியாரிடம் கடன்பட்டவர்களாயிருந்தனர் என்பதை நினைந்தால், மூன்று வீடுகளையும் இணைக்கும் கயிறு எதுவெனத் தெளிவாகும்.

சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டார். மலையகத் தமிழிலக்கியத்தின் முதன்மையான படைப்பாளி ஒருவர் தம் மக்களை அடையாளங் காட்ட இப்பெயரையே தேர்ந்தமை சிந்திக்கத்தக்கது. செட்டிநாட்டு வீட்டின் வரலாற்றை எழுதுவோர் அந்நூலையும் தம் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியமாகின்றது. 1920களிலும் 1930களிலும் இலங்கை அரசியலில் 'செட்டி' என்னும் சொல் வசைச்சொல்லாயிற்று. ஈடு வைத்த நிலம் செட்டியார் கைக்குப் போயிற்று என்ற குறை உண்மையானதே. 1925இல் கொழும்பில் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் நொடித்ததை அடுத்து வங்கிகள் கடனை இறுக்கின. பின்னர் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் கடனாளிகள் பலர் நிலமிழந்தனர். ஆயின் செட்டியாருக்குக் கடன் கொடுத்து, உள்ளூரார்க்கு மறுத்த வங்கிகள் இக்கண்டனத்தினின்றும் தப்பிக்கொண்டன. சொறாப்ஜி பொச்கானாவாலாவின் தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு 1934இல் அறிக்கை சமர்ப்பித்ததும், அதன் விளைவாக 1939இல் இலங்கை வங்கி தோன்றியதும் இக்குறையை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். சமூக அமைப்பின் கோளாறை ஓர் இனத்தின் குணமாகக் காட்டுவது பிற்போக்கின் பழைய தந்திரம். அதே தந்திரம் பின்னர்த் தோட்டத் தொழிலாளர்மீதே திரும்பியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. வணிகனையும் தொழிலாளியையும் வேறுபடுத்தி அறியாத இனவாதத்துக்கு இருவரும் 'இந்தியர்' மட்டுமே.

6. சிதைவும் மரபுரிமையும்

மாளிகைகளின் வாழ்வு குறுகியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களிற் செட்டியார் வசமிருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 வீதம். 1938இல் அது 25 வீதம் ஆயிற்று. மந்தக்காலத்தில் கடன் நிலமாக மாறியதன் விளைவு இது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அந்நிலம் பயனற்றதாயிற்று. இலங்கையிலும் 1948க்குப் பின்னர் நகரத்தாரின் தொழில் சுருங்கியது. வெளிநாட்டு வருவாய் நின்றதும் மாளிகை பிணைப் பத்திரம் என்ற நிலையை இழந்தது. அறைக்கு ஒரு புள்ளியாகத் தொடங்கிய உரிமை தலைமுறைதோறும் பிரிந்து, ஒரு வீட்டுக்குப் பலர் உரிமையாளராயினர். பழுதுபார்க்கப் பணமின்றிப் பல வீடுகள் கழற்றி விற்கப்பட்டன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் அவற்றின் தூண்களும் நிலைகளும் பீங்கானும் விலைக்கு வந்தன. 1996இல் சென்னைக்கு அருகே திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில் ஒரு செட்டிநாட்டு வீடு மறுபடி பொருத்திவைக்கப்பட்டுள்ளது.

2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. கண்டி நகரம் 1988இலேயே உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கண்டிக்குக் கிடைத்த அங்கீகாரம் தலதா மாளிகையையும் அரச நகரத்தையும் பற்றியது. செட்டிநாட்டுக்குக் கோரப்படும் அங்கீகாரம் வணிகரின் மாளிகைகளையும் அவர்களது ஊரமைப்பையும் பற்றியது. இவ்விரண்டையும் இணைத்த கடையும் லயமும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. கண்டி வணிகத் தெருக்களின் பழைய மனைகளுட் பல புதிய கட்டிடங்களுக்காக இடிக்கப்பட்டன. 1983 யூலையில் நகரத்துத் தமிழர் கடைகள் பல தீக்கிரையாயின. கடன் பத்திரமும் பேரேடும் சுவரைவிட எளிதில் எரிவன. அவற்றோடு எரிந்தது இந்நகரின் பொருளாதார வரலாற்றின் ஒரு பகுதி.

எனவே நம்முன்னுள்ள பணி வெறும் இரசனை சார்ந்ததன்று. காணிப் பதிவேடுகளிலும் நீதிமன்ற ஈட்டு வழக்குகளிலும் செட்டியார் கடைகளின் முகவரிகள் உள. எஞ்சியுள்ள வணிக மனைகளை அளந்து வரைபடமாக்குதல் இன்றும் இயலும். லயங்கள் புதிய வீடுகளுக்கு இடம்விட்டு மறையத் தொடங்கியுள்ள இக்காலத்தில், அவற்றுள் வாழ்ந்தோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தல் அவசரமானது. இப்பணிக்குப் பல்கலைக்கழகத் தமிழ், வரலாறு, புவியியல் மாணவர் ஒன்றுபட்டு உழைக்கவேண்டும்.

கானாடுகாத்தான் மாளிகையின் தேக்குத் தூணை வியப்பதில் தவறில்லை. அதனைச் செதுக்கிய தச்சனின் திறன் வியப்புக்குரியதே. ஆயின் அத்தூண் தாங்குவது ஒரு கூரையை மட்டுமன்று. கண்டிக் கடையின் பாயும் பெட்டியும், மாத்தளைக் காட்டுவழியும், லயத்தின் ஒற்றை அறையும் அதனோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவை. அவ்வாறு எண்ணி எழுதப்படும் நாளிலேயே தமிழ் வணிகர் மனையின் வரலாறு முழுமை பெறும்.